ஆங்கிலத்தில் ‘சார்’: எங்கே போடலாம், எங்கே விடலாம்

வெளிநாட்டுக்கு முதல் தடவையாகப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்களின் மெயில்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடக்கம், நடுவில் மூன்று நான்கு சார், கடைசியில் ‘தேங்க்யூ சார்’. எழுதியவர் மேல் தப்பு சொல்ல முடியாது, ஏழாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்த முறை அதுதான், ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ வரைக்கும் அப்படியே மனப்பாடம். ஆனால் மான்செஸ்டரிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து அந்த மெயிலைத் திறப்பவருக்கு அதில் மரியாதை தெரிவதில்லை. யாரோ ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஏன் நமக்கு சார் இவ்வளவு தேவைப்படுகிறது என்று முதலில் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். தமிழில் நீ வேறு, நீங்கள் வேறு. ‘வா’ என்றால் ஒரு உறவு, ‘வாங்க’ என்றால் வேறு உறவு. ஆங்கிலத்திலோ எல்லோருக்கும் ஒரே ‘யூ’. மேலதிகாரியையும் பேராசிரியரையும் மொட்டையாக ‘யூ’ என்று சொல்ல நமக்கு வாய் கூசுகிறது, அதனால் பக்கத்திலேயே ஒரு சார் போட்டு ஈடுகட்டுகிறோம். அதாவது ‘வாங்க’வில் இருக்கும் ‘ங்க’ செய்கிற வேலையை நம் ஆங்கிலத்தில் சார் செய்கிறது. அதனால்தான் கண்டக்டரும் சார், வங்கி மேனேஜரும் சார், பஸ்ஸில் முன்னால் வழிமறித்து நிற்கிறவரும் சார், ‘சார் கொஞ்சம் தள்ளி நில்லுங்க’.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடம் அந்தச் சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதில்லை. அங்கே அது பெரும்பாலும் ஒரு கோடு போடுகிறது: நான் உங்களுக்கு வேலை செய்கிறவன், நீங்கள் வாடிக்கையாளர், அல்லது நான் சிப்பாய், நீங்கள் அதிகாரி. தினமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவரிடம் அந்தக் கோட்டைப் போட்டால் அவர் நெளிவார். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு வேலையைத்தான் சொல்லித் தரப்போகிறது: ‘ங்க’வை சாரிலிருந்து கழற்றி வாக்கியத்தின் வேறு இடங்களில் மாட்டுவது.

முதல் படி: பட்டம் வேறு, விளி வேறு

பழைய தமிழ்ப் புத்தகங்களில் ‘சர்’ என்று வருமே, சர் ஐசக் நியூட்டன், சர் ஆர்தர் காட்டன், சர் சி.வி.ராமன், அது பட்டம். பிரிட்டிஷ் அரசர் அல்லது அரசி கொடுப்பது. நியூட்டனுக்கு 1705-இல், காவிரியிலும் கொள்ளிடத்திலும் வேலை பார்த்த காட்டனுக்கு 1861-இல், ராமனுக்கு நோபல் பரிசுக்கு ஒரு வருடம் முன்பு 1929-இல் கிடைத்தது. இந்தச் சர்ருக்கு ஒரு கறாரான விதி உண்டு: அது சொந்தப் பெயரோடுதான் ஒட்டும், குடும்பப் பெயரோடு தனியாக ஒட்டாது. ‘சர் ஐசக்’ சரி, ‘சர் ஐசக் நியூட்டன்’ சரி, ‘சர் நியூட்டன்’ தப்பு. நம் ஆட்கள் ஆங்கிலக் கட்டுரைகளில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

நம் பெயர் முறையோ அந்த விதிக்குள் அடங்கவே அடங்காது. இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனையும் அவர் தம்பி சர் பொன்னம்பலம் அருணாசலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் விதிப்படி கூப்பிட்டால் இரண்டு பேரும் ‘சர் பொன்னம்பலம்’, அதாவது இருவருமே அப்பா பெயரில்!

பெண்களுக்கு இதே நிலையில் ‘டேம்’, அதுவும் சொந்தப் பெயரோடுதான். பிரிட்டிஷ் அரசரின் குடிமக்களாக இல்லாத வெளிநாட்டவருக்குக் கிடைப்பது கௌரவப் பட்டம் மட்டும், பெயருக்கு முன்னால் சர் போட்டுக்கொள்ள முடியாது. பில் கேட்ஸுக்கு 2005-இல் அப்படித்தான் கிடைத்தது, அவரை யாரும் ‘சர் பில்’ என்பதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012-இல் முழுப் பட்டமே கிடைத்தது, ஆனால் அவர் பொதுவாக அதைப் பெயரோடு போட்டுக்கொள்வதில்லை. தாகூர் 1915-இல் வாங்கியதை ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919-இல் வேண்டாமென்று எழுதிவிட்டார். இப்போது இந்தியாவில் இந்த மாதிரிப் பட்டங்களுக்கு அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவே தடை போடுகிறது, அமெரிக்காவிலும் அரசாங்கம் பிரபுப் பட்டம் எதுவும் கொடுக்கக்கூடாது என்று அவர்கள் அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் சர் போட்டால் பட்டம் என்று அர்த்தமாகிவிடும், பெயருக்குப் பின்னால் போடும் வழக்கமே அங்கே இல்லை. ‘கணேஷ் சார்’, ‘லதா மேடம்’ எல்லாம் நம் பக்கத்து வழக்கம். ‘டேவிட் சார்’ என்று கூப்பிட்டால் டேவிடுக்குப் புரியும், ஆனால் அவர் காதில் அது ஆங்கிலமாக விழாது.

இரண்டாம் படி: மெயில் அனுப்புமுன் பெயரைத் தேடுங்கள்

யாருக்கு எழுதுகிறோமோ அவர் பெயரைக் கண்டுபிடித்துச் சரியான எழுத்தில் எழுதுவதுதான் அங்கே மெயிலில் காட்டக்கூடிய பெரிய மரியாதை. கல்லூரி இணையதளத்தில் இருக்கும், லிங்க்ட்இன்னில் இருக்கும். ஐந்து நிமிடம் செலவழித்துத் தேடுங்கள்.

பெயர் கிடைத்ததா? ‘டியர் டாக்டர்’ அல்லது ‘டியர் ப்ரொஃபசர்’ போட்டு அவருடைய குடும்பப் பெயர். டியர் என்றதும் சிலருக்கு வெட்கம் வருகிறது, அன்பே என்று எழுதுவது போல. கடிதத்தில் அதற்கு அந்த அர்த்தமே இல்லை, நம் ‘ஐயா, வணக்கம்’ மாதிரி வெறும் தொடக்கம்தான். பிரிட்டனில் கல்லூரி ஆசிரியர் எல்லோரும் ப்ரொஃபசர் இல்லை, அது அங்கே மேல்மட்டப் பதவி. டாக்டர் என்று போட்டிருந்தால் டாக்டர் என்றே எழுதுங்கள். அமெரிக்காவில் பாடம் நடத்துகிறவர் யாராக இருந்தாலும் ப்ரொஃபசர் என்று எழுதினால் பெரும்பாலும் பாதகமில்லை. முனைவர் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு ‘மிஸஸ்’ போடுவதும், பெண் பேராசிரியருக்கு ‘டியர் சார்’ என்று எழுதுவதும் உங்கள் மெயிலைப் படிக்காமலே மூடவைக்கும் நிச்சயமான வழிகள். ஆராய்ச்சி இடம் கேட்டு எழுதும் மாணவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும், ஏனென்றால் அப்படிப்பட்ட பேராசிரியர்களுக்கு இந்தியாவிலிருந்து ‘ரெஸ்பெக்டட் சார்’ மெயில் வந்து குவிகிறது, அதில் உங்களுடையதும் ஒன்றாகப் போய்விடும்.

பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியவில்லையா, ஊகிக்கவே வேண்டாம். முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள், ‘டியர் அலெக்ஸ் டெய்லர்’, முடிந்தது.

பெயரே கிடைக்காவிட்டால்தான் ‘டியர் சர் ஆர் மேடம்’. அதுவும் இப்போது பழசாகிக்கொண்டு வருகிறது, ‘டியர் ஹையரிங் மேனேஜர்’, ‘டியர் அட்மிஷன்ஸ் டீம்’ என்று பதவியையோ குழுவையோ எழுதுவது மேல். பிரிட்டனில் இன்னும் சில அலுவலகங்களில் பழைய ஜோடிப் பொருத்தம் பார்ப்பார்கள்: சர் ஆர் மேடம் என்று தொடங்கினால் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் கற்ற ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யை விமானம் ஏறும்போதே இங்கே விட்டுவிட்டுப் போங்கள். சாதாரண அலுவலக மெயிலுக்கு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ எங்கேயும் செல்லும்.

அப்புறம் பதில் வரும். அந்தப் பதிலின் கடைசி வரியைப் பாருங்கள். ‘சாரா’ என்று சொந்தப் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால், இனி என்னைச் சாரா என்றே கூப்பிடலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம், அடுத்த மெயிலில் தயங்காமல் ‘டியர் சாரா’. ‘சாரா வில்சன், பேராசிரியர்’ என்று முழுதாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ப்ரொஃபசர் வில்சனாகவே இருக்கட்டும். யாராவது சொல்லிக் கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், அந்தக் கையெழுத்துதான் அறிவிப்பு.

மூன்றாம் படி: அலுவலகத்தில் பெயர் சொல்லிப் பழகுங்கள்

இதுதான் கஷ்டமான படி, ஏனென்றால் இலக்கணம் தெரிந்தாலும் நாக்கு ஒத்துழைக்காது. அறுபது வயது டைரக்டரை ‘மார்க்’ என்று கூப்பிடச் சொல்கிறார்கள், நமக்கோ சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். பலர் இதற்கு ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள், பெயரே சொல்லாமல் மாதக்கணக்கில் ‘எக்ஸ்கியூஸ் மீ’யிலேயே ஓட்டுவது. அது வேலைக்காகாது, உங்களை ஒட்டாத ஆள் என்று நினைத்துவிடுவார்கள். இன்னொரு குறுக்கு வழி ‘மிஸ்டர் மார்க்’. அதுவும் வேண்டாம். மிஸ்டர், மிஸ் எல்லாம் குடும்பப் பெயரோடு போகிறவை, சர் பட்டத்துக்கு நேர் எதிர்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே, அங்கே சார் என்றால் கிண்டல் செய்கிறீர்களோ என்று சந்தேகப்படக்கூடும். சிங்கப்பூர், மலேசியாவில் நம் பழக்கத்துக்கு ஓரளவு இடமுண்டு, கடைக்காரர் அங்கிள், ஆன்ட்டி ஆகிவிடுவார். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் டீச்சரையே ‘ச்சர்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம், மருத்துவத் துறைக்குப் போகிறவர்களுக்கு. பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணர்களை டாக்டர் என்று சொல்லமாட்டார்கள், மிஸ்டர், மிஸ் என்பார்கள். நாவிதரும் அறுவை வைத்தியரும் ஒரே சங்கத்தில் இருந்த காலத்தில் அவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அந்தப் பழைய இழிவே பின்னால் பெருமையாகிவிட்டது. பரீட்சை எழுதித் தேறி ‘டாக்டர்’ பட்டத்தைத் துறந்து மிஸ்டர் ஆவதில் அங்கே ஒரு கௌரவம். கதவுப் பலகையில் மிஸ்டர் என்று பார்த்து, இவர் டாக்டர் இல்லையோ என்று பயப்படவேண்டாம்.

நான்காம் படி: ‘ங்க’வை வினைச்சொல்லில் வையுங்கள்

சாரை எடுத்துவிட்டால் வாக்கியம் மொட்டையாகிவிடாதா என்றால், ஆமாம், ஆகிவிடும். ‘சென்ட் மீ தி ஃபைல் சார்’ என்பதில் சாரை மட்டும் நீக்கினால் மிஞ்சுவது அதட்டல். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்: யாரோ சார் வேண்டாம் என்று சொன்னார்கள் என்று எடுத்துவிட்டு, வேறு எதையும் மாற்றாமல், ‘இவன் என்ன இப்படி அதிகாரம் பண்ணுகிறான்’ என்ற பெயரை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆங்கிலத்தில் மரியாதை வினையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ‘குட் யூ சென்ட் மீ தி ஃபைல்’ என்று கேளுங்கள் (நல்லது என்று சொல்லும் குட் இல்லை, ‘கேன்’ என்பதன் இறந்தகாலம்). கொஞ்சம் கூடுதல் பணிவு வேண்டுமா, ‘வுட் யூ மைண்ட் சென்டிங்’. பெரிய உதவி கேட்கிறீர்களா, ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’. கவனியுங்கள், எல்லாம் இறந்தகாலத்துக்குப் போகின்றன. நேற்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனாலும் இறந்தகாலம், ஏனென்றால் விஷயத்தை ஒரு முழம் தள்ளிவைத்தால் எதிராளிக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. மறுக்க இடம் கொடுப்பதுதான் அவர்களுடைய ‘ங்க’.

ப்ளீஸை நம்பி இருக்காதீர்கள். வாக்கியத்தின் தலையில் ப்ளீஸ் போட்டு மீதியை அப்படியே விட்டால் அது அறிவிப்புப் பலகை மாதிரி ஒலிக்கும், ‘ப்ளீஸ் ரிப்ளை’, ‘ப்ளீஸ் டூ திஸ் டுடே’. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ அங்கே யாருக்கும் பழக்கமில்லை, எதைச் செய்யவேண்டும் என்று சொல்லாமலே செய் என்கிறீர்களே என்று குழம்புவார்கள். ‘யூ ஹாவ் டு’ என்பதை வேலையிடத்தில் கூடியமட்டும் தவிருங்கள், நமக்கு அது ‘செய்ய வேண்டும்’தான், அவர்களுக்கு அது கட்டளை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பிரிட்டிஷ்காரர் ஒருவர் கூட்டத்தில் ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் அவர் உங்களைப் புகழப்போவதில்லை, நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறார். ‘வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்றால் ரொம்பவே தப்பு. நீங்களாக இதை உபயோகிக்கவேண்டாம், காதில் விழுந்தால் மட்டும் உஷாராகிக்கொள்ளுங்கள். மரியாதை என்ற சொல்லையே வெளிப்படையாகச் சொல்லும்போது அங்கே மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஐந்தாம் படி: சார் அவசியமான இடங்கள்

எல்லா இடத்திலும் விட்டுவிடச் சொல்லவில்லை. பகுதிநேரமாகக் கடையிலோ ஹோட்டலிலோ வேலை பார்க்கும் மாணவரா, வாடிக்கையாளரிடம் சார், மேடம் சொல்லலாம், உயர்ந்தவகை ஹோட்டலில் சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்களே வாடிக்கையாளராகப் போகும்போது சர்வரைச் சார் என்று கூப்பிடத் தேவையில்லை; சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, கொஞ்சம் வேடிக்கையாகப் பார்ப்பார், அவ்வளவுதான். அவரை அழைக்க ‘எக்ஸ்கியூஸ் மீ’ போதும், எது கொண்டுவந்து வைத்தாலும் தேங்க்யூ.

இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண் ஆசிரியரைச் ‘சர்’ என்றும் பெண் ஆசிரியரைக் கல்யாணம் ஆனவரோ இல்லையோ ‘மிஸ்’ என்றும் கூப்பிடுகிறார்கள். ஆணுக்குப் பட்டத்துச் சொல், பெண்ணுக்குச் சின்னப்பெண் சொல்லா என்று அங்கேயே சண்டை உண்டு, நியாயமான சண்டைதான். ஆனால் உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் சேர்ந்தால் மற்றப் பிள்ளைகள் சொல்வதையே சொல்லட்டும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கதையே வேறு. டெக்சாஸிலும் அலபாமாவிலும் குழந்தைகள் அப்பா அம்மாவிடமே ‘யெஸ் சர்’, ‘நோ மேம்’ என்கிறார்கள், பெட்ரோல் பங்க்கில் முன்பின் தெரியாத ஆளும் உங்களைச் சர் என்பார். லூசியானா மாநிலத்தில் 1999-இல் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களிடம் சர், மேம் சொல்லவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஆகவே ஹூஸ்டனில் இறங்குகிற தமிழருக்குப் பாஸ்டனில் இறங்குகிறவரைவிட இந்த விஷயத்தில் நிம்மதி. ராணுவத்தில் சர் கட்டாயம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனால் அங்கும் நுணுக்கம் இருக்கிறது: அமெரிக்க ராணுவத்தில் சர் என்பது கமிஷன், அதாவது முறையான அதிகாரி நியமனம், பெற்றவர்களுக்கு, சார்ஜென்ட்டைப் பொதுவாகச் ‘சார்ஜென்ட்’ என்றே கூப்பிடவேண்டும்.

பிரிட்டிஷ் அரசரை எப்போதாவது சந்திக்க நேர்ந்தால், முதலில் ‘யுவர் மெஜஸ்டி’, அதற்குப் பிறகு பேச்சு முழுக்க வெறும் ‘சர்’. கடைக்காரர் உங்களைக் கூப்பிடுகிற அதே சொல்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். நாம் ‘சார்’ என்று வாயை அகலத் திறந்து நீட்டுகிறோம். அவர்கள் வாயைப் பாதிதான் திறக்கிறார்கள், ‘பேர்ட்’ என்று பறவையைச் சொல்லும்போது வரும் அதே உயிரோசை. பிரிட்டனில் கடைசி ர் கேட்கவே கேட்காது, அமெரிக்காவில் நாக்கை மடக்கி அழுத்துவார்கள்.

ஆறாம் படி: உங்களைச் சார் என்றால்

இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி ‘சர், ஸ்டெப் அசைட் ப்ளீஸ்’ என்றால் உங்களுக்கு மரியாதை கொடுக்கிறார் என்று புன்னகைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஒதுங்குங்கள். காரை நிறுத்தும் அமெரிக்கப் போலீஸ்காரர் வாயில் வரும் சர்ரும் அதே வகை. அது உத்தரவு, கையுறை போட்ட உத்தரவு. கைகளை ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் ‘ஆஃபீசர்’ என்று சொல்லலாம், ‘சர்’ என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. வாடிக்கையாளர் சேவை போனில் குரல் இறுகி ‘சர், ஆஸ் ஐ செட்’ என்று வந்தால் எதிர்முனையில் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சொல்லைக் கேட்காதீர்கள், குரலைக் கேளுங்கள்.

சென்னையில் கால்சென்டரில் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வாக்கியத்துக்கு ஒரு சர் போடும் பழக்கம் உங்களிடம் ஆழமாக ஊறியிருக்கும். ஒரேயடியாக விட முடியாது. போனில் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று குறைத்துக்கொண்டு வாருங்கள்.

திரும்பி வந்தால் மறுபடி மாறவேண்டும், அதையும் மறக்காதீர்கள். இங்கே தாலுகா அலுவலகத்தில் போய் எழுத்தரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் மனு அடுத்த மாதத்துக்குப் போகும். கேரளத்தில் மாத்தூர் பஞ்சாயத்து 2021-இல் தன் அலுவலகத்தில் சார், மேடம் கூடாது என்று தீர்மானம் போட்டது, 2023-இல் அங்கே குழந்தைகள் உரிமை ஆணையம் பள்ளிகளில் ஆண் பெண் யாரானாலும் ‘டீச்சர்’ என்று அழைக்கச் சொன்னது. எனக்கு இரண்டும் பிடித்தவை. ஆனால் தமிழ்நாட்டு அலுவலகத்தில் நாளைக்குக் காலை பத்து மணிக்கு உங்களுக்கு ஒரு கையெழுத்து வேண்டுமென்றால், சார் போடுங்கள்.

ஏழாம் படி: உங்கள் பெயரைத் தயார் செய்யுங்கள்

எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் உங்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும், ஆகவே வங்கியிலும் மருத்துவமனையிலும் ‘மிஸ்டர் ஆறுமுகம்’ என்று கூப்பிடுவார்கள், ஊரில் இருக்கும் அப்பாவைத் தேடாதீர்கள், அது நீங்கள்தான். இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட் எடுத்தபோது எது முதலில் எது பின்னால் போனது என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சம்பளச் சீட்டிலும் டிகிரி சான்றிதழிலும் அதே வரிசை வரவேண்டும். அலுவலகத்தில் முதல் நாளே, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், மெயில் கையெழுத்திலும் அதையே போடுங்கள். பெயர் நீளமாக இருந்தால் வெட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். திருநாவுக்கரசு திரு ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். வெட்டுவதாக இருந்தால் நீங்களே வெட்டுங்கள், அவர்களிடம் விட்டால் எங்கே வெட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.